அம்மாவின் கல்ச்சர் ரிப்போர்ட்டும் தேயிலைக் காட்டில் இல்லாத கழிப்பறையும்

2023 ஆகஸ்ட். கோத்தகிரியில் ஒரு வாரமாக மழை விடவில்லை. அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நான் நெருஞ்சில் கஷாயமும் பார்லித் தண்ணீரும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி, மூன்று போர்வை போட்டும் அவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பல் கிட்டி அடிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. வலது பக்கம், விலாவுக்குக் கீழே முதுகில் லேசாகக் கை வைத்தேன், கத்திவிட்டார். விடியும் முன்னே பக்கத்து வீட்டு அண்ணன் ஜீப்பை எடுத்தார். மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. தொற்று கிட்னி வரைக்கும் ஏறிவிட்டது என்றார்கள்.

இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. ஆன்டிபயாடிக்குக்கு மாற்று என்ன என்று தேடுகிற யாரும் நான் செய்த இந்தத் தப்பைச் செய்துவிடக் கூடாது. நீர்க்கடுப்போடு குளிர்காய்ச்சல், முதுகுப் பக்க வலி, வாந்தி, பேச்சில் தடுமாற்றம், இதில் எது சேர்ந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆண்களுக்கு என்றால் வெறும் கடுப்புக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஆன்டிபயாடிக்குக்கு மாற்று எதுவும் கிடையாது. அம்மா இன்றைக்கு உயிரோடு இருப்பது ஆஸ்பத்திரியில் போட்ட ஆன்டிபயாடிக் ஊசியால்தான்.

ஏன் கஷாயத்தில் நின்றேன் என்றால், பயம். அதற்கு முந்தைய பத்து மாதத்தில் அம்மாவுக்கு இது ஐந்தாவது முறை. ஒவ்வொரு முறையும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கினோம். ஒரு முறை நார்ஃப்ளாக்சசின், ஒரு முறை சிப்ரோ, அப்புறம் இரண்டு தடவை செஃபிக்ஸிம். கடுப்பு நின்றதும் அம்மா மிச்ச மாத்திரையை டப்பாவில் போட்டு வைத்துவிடுவார், அடுத்த தடவைக்கு ஆகுமே என்று. செஃபிக்ஸிம் மாதிரியான மருந்துகளை 2014 மார்ச்சிலிருந்து ஷெட்யூல் ஹெச்1 என்ற பட்டியலில் வைத்திருக்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் தனி நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எங்களிடம் யாரும் சீட்டு கேட்டதில்லை. நாங்களும் அதைக் கேட்க வேண்டிய விஷயமாக நினைக்கவில்லை. மாத்திரை அட்டையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்கான கோடு அது. எனக்கு அப்போது தெரியாது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த மூன்றாம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. சிறுநீரில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கிற சோதனை அது. ஈ. கோலை என்ற குடல் கிருமி, ஈ.எஸ்.பி.எல். வகை. பென்சிலின், செஃபலோஸ்போரின் குடும்ப மருந்துகளை வெட்டிப் போடுகிற ஒரு நொதியை அந்தக் கிருமி வைத்திருக்கிறது என்று அர்த்தம். மருந்துப் பெயர்கள் வரிசையாக ஒரு பக்கம், எதிரே ஒற்றை எழுத்து. கேட்கும் என்றால் எஸ், கேட்காது என்றால் ஆர். விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்கினேன். ஆர், ஆர், ஆர், ஆர். நாங்கள் கடையில் வாங்கிய அத்தனையும் ஆர். எஸ் போட்டிருந்தது ஐந்தோ ஆறோ. அதில் ஃபாஸ்ஃபோமைசினும் நைட்ரோஃபுரான்டோயினும் சிறுநீர்ப்பையோடு நிற்கிற தொற்றுக்குத்தான் உதவும், கிட்னிக்கு ஏறியதற்குப் போதாது என்றார் டாக்டர். எர்டாபெனம் ஊசி, தினம் ஒன்று, பத்து நாள். அம்மாவின் கையில் நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தினார்கள். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கை.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அருகே உட்கார்ந்து போனில் தேடியபோதுதான் ஃபேஜ் பற்றிப் படித்தேன். பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். கிருமியின் மேல் உட்கார்ந்து தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தும், உள்ளேயே பெருகும், கிருமியை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஆக்ராவில் வேலை பார்த்த ஹான்கின் என்பவர் கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1896லேயே எழுதியிருக்கிறார். 1917ல் பாரிஸ் பாஸ்டியர் நிறுவனத்தில் இருந்த டெரெல் அதற்குப் பாக்டீரியோஃபேஜ் என்று பெயர் வைத்தார். 1927ல் அவரே காலராவுக்கு அதைக் கொடுத்துப் பார்க்க இந்தியா வந்தார். குன்னூர் போகும்போதெல்லாம் நம்முடைய பாஸ்டியர் நிறுவனத்தைப் பார்க்கிறேன். 1907ல் ஆரம்பித்தது, வெறிநாய்க்கடி ஊசிக்குப் பேர்போனது. அதே பாஸ்டியர் பெயரைத் தாங்கிய இன்னொரு இடத்தில்தான் இந்த ஃபேஜ் கதையும் தொடங்கியது என்று படித்தபோது, ஏதோ நமக்குப் பக்கத்தில் நடந்த விஷயம் மாதிரி நம்பிக்கை வந்தது.

ஜார்ஜியா நாட்டுத் திபிலிசியில் 1923ல் தொடங்கிய எலியாவா நிறுவனம் இன்னும் ஃபேஜ் மருந்து கொடுக்கிறது. அமெரிக்காவில் டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியர் 2015 கடைசியில் எகிப்துக்குப் போன இடத்தில் அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாத் தொற்றில் விழுந்தார். எந்த மருந்தும் கேட்காமல் கோமாவில் கிடந்தவருக்கு 2016 மார்ச்சில் ஃபேஜ் செலுத்தினார்கள், பிழைத்து எழுந்தார். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. திபிலிசிக்கு டிக்கெட் எவ்வளவு என்று பார்த்தேன், நகையை மனதுக்குள் எடை போட்டேன்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் குன்னூரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். அவரிடம் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஃபேஜ் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சில கிருமி வகைகளை மட்டும்தான் தாக்கும். அம்மாவின் கிருமியை எடுத்து, அதற்குப் பொருந்துகிற ஃபேஜைத் தேடிப் பிடிக்க வேண்டும். கிருமி அதற்கும் தப்பிக்கக் கற்றுக்கொள்ளும், அதனால் ஒன்றுக்கு மேல் கலந்து கொடுக்க வேண்டும். அப்புறம், சிறுநீர்த் தொற்றுக்கு இதை ஒழுங்காகச் சோதித்திருக்கிறார்கள். திபிலிசியிலேயே, புராஸ்டேட் அறுவைக்கு வந்த ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குள் ஃபேஜ் செலுத்திப் பார்த்த ஆய்வு 2021ல் வெளியானது. மருந்தில்லாத வெறும் கரைசலைச் செலுத்தியவர்களைவிட அவர்கள் மேலாகக் குணமாகவில்லை. "எதிர்காலத்துல வரும்மா, நல்ல மருந்தாவே வரும். வேற வழியே இல்லாதவங்களுக்கு இப்பவே சில இடத்துல உதவுது. உங்கம்மாவுக்கு வேற வழி இருக்கு. அத முதல்ல பார்ப்போம்" என்றார்.

அதற்கப்புறம் அவர் அம்மாவிடம் கேட்ட கேள்விதான் எங்கள் வீட்டில் இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காதது. "வேலைக்குப் போனப்போ ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவீங்க?"

அம்மா என்னைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "காலையில போவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து போவேன்" என்றார்.

என் தாத்தா பாட்டி இலங்கையில் பதுளைப் பக்கம் தேயிலையில் இருந்தவர்கள். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி எழுபதுகளில் கப்பலேறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தார்கள். அம்மாவுக்கு அப்போது பதினொரு வயது. இன்றைக்கும் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்திருக்கிறார். காலை எட்டு மணிக்கு நிரை (செடி வரிசை) பிடித்தால் மத்தியானம் எடை போடும் வரைக்கும் செடிக்குள்தான். சரிவில் கழிப்பறை கிடையாது. இடுப்பைச் சுற்றி பிளாஸ்டிக் சீட்டு, அதற்கு மேல் கயிறு, முதுகில் கொழுந்துப் பை, மழை நாளில் எல்லாம் நனைந்து ஒட்டிக்கிடக்கும். அதை அவிழ்த்து, அட்டை ஏறாத இடமாகப் பார்த்து, மேஸ்திரி கண்ணில் படாமல் ஒதுங்கித் திரும்புவதற்குள் பக்கத்து நிரைக்காரி பத்து செடி தாண்டியிருப்பாள். கிலோ குறைந்தால் கூலி குறையும். அதற்கு அவர்கள் எல்லோரும் கண்டுபிடித்த ஒரே வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. குளிரில் தாகமும் எடுக்காது. ஒரு டம்ளர் தேத்தண்ணியோடு பொழுது போய்விடும்.

வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. ராத்திரியில் இன்னொரு சங்கடம் உண்டு. எங்கள் லைன் வீட்டுக்குக் கழிப்பறை வெளியே, பதினைந்து அடி தள்ளி. இருட்டினால் காட்டெருமை வந்து படியோரம் நிற்கும், சில நாள் கரடியும் வரும். அடக்கிக்கொண்டு படுப்பதைத் தவிர பெண்களுக்கு வேறு வழியில்லை.

சிறுநீர் கழிக்கும்போது கிருமியும் அடித்துக்கொண்டு வெளியேறுகிறது. தேங்கி நின்றால் உள்ளேயே பெருகுகிறது. இதைக் கேட்டதும் மருத்துவமே படிக்காத எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பல்கேரியாவில் தண்ணீர் குறைவாகக் குடிக்கும், மாதவிடாய் நிற்காத 140 பெண்களை வைத்து ஒரு வருஷம் பார்த்த ஆய்வு 2018ல் வந்தது. தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்த பாதிப் பேருக்கு வருஷத்துக்குச் சராசரி 1.7 முறை தொற்று வந்தது, குடிக்காத பாதிப் பேருக்கு 3.2 முறை. அம்மா அந்த வயதைத் தாண்டியவர்தான், ஆனாலும் அவருடைய கணக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்கூட வராது என்பதால் டாக்டரம்மா முதலில் அதிலேயே கை வைத்தார்.

வீட்டில் ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி வைத்தோம். குளிர்ந்த தண்ணீரை இந்த ஊரில் யாரும் குடிக்கமாட்டார்கள், அதனால் வெந்நீராக இருப்பதுதான் முக்கியம். மத்தியானத்துக்குள் ஒன்று காலியாக வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்குள் இன்னொன்று. ஏழு மணிக்கு மேல் வேண்டாம், ராத்திரி எழுந்து விழக் கூடாது என்பதற்காக. கட்டிலுக்கு அடியில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. இதை அம்மா ஏற்றுக்கொள்ளத்தான் இரண்டு வாரம் ஆனது. மலச்சிக்கலையும் கவனிக்கச் சொன்னார்கள், குடல் நிரம்பி நின்றால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாதாம். இதய நோயோ கிட்னிக் கோளாறோ இருப்பவர்கள் தண்ணீர் அளவை டாக்டரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.

இரண்டாவது, ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் கிரீம். இதைப் பற்றிப் பெண்கள் வெளியே பேசுவதே இல்லை, அதனால் நான் எழுதுகிறேன். மாதவிடாய் நின்ற பிறகு பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து காய்ந்துபோகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா குறைந்து, அமிலத்தன்மையும் குறைந்து, குடலிலிருந்து வரும் ஈ. கோலை குடியேற இடம் கிடைத்துவிடுகிறது. அந்த இடத்தில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜென் கிரீம் போட்டால் காவல் திரும்பி வருகிறது. 1993லேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். அடிக்கடி தொற்று வந்த, மாதவிடாய் நின்ற 93 பெண்கள். கிரீம் போட்டவர்களுக்கு வருஷத்துக்கு 0.5 முறை, மருந்தில்லாத கிரீம் போட்டவர்களுக்கு 5.9 முறை. முப்பது வருஷமாகத் தெரிந்த விஷயம். அம்மா ஐந்து முறை தொற்றோடு அலைந்தபோது எங்களிடம் ஒருத்தரும் இதைச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான்.

அம்மாவுக்கு முதலில் வெட்கம். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு பாப்பா" என்று டியூபை அலமாரிக்குள் தள்ளிவிட்டார். டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தார், அதைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசினோம். என் வாழ்க்கையில் அம்மாவோடு அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. முதல் இரண்டு வாரம் தினம் ராத்திரி, அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் இதைத் தொடங்கும் முன் புற்றுநோய் டாக்டரிடமும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, மெத்தெனமைன் ஹிப்யூரேட் என்ற மாத்திரை. இது ஆன்டிபயாடிக் இல்லை. அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் உடைந்து ஃபார்மால்டிஹைடாக மாறிக் கிருமியைக் கொல்கிறது. ஆன்டிபயாடிக்குக்குப் பழகுவது போல இதற்குக் கிருமி பழகிவிடுவதில்லை. பிரிட்டனில் 240 பெண்களுக்கு, ஒரு பாதிக்குத் தினமும் குறைந்த அளவு ஆன்டிபயாடிக், மறுபாதிக்கு இது என்று ஒரு வருஷம் கொடுத்த ஆய்வு 2022ல் வந்தது. ஆன்டிபயாடிக் குழுவில் வருஷத்துக்கு 0.89 முறை, இதில் 1.38 முறை. கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் அந்த வித்தியாசம் ஏற்கத்தக்கதுதான் என்று ஆய்வாளர்கள் முடிவு சொன்னார்கள். கோத்தகிரிக் கடைகளில் எங்களுக்குக் கிடைக்கவில்லை, கோவையிலிருந்து வரவழைத்தோம். தொற்று வந்த பிறகு அதைக் குணமாக்க இது ஆகாது, வராமல் தடுக்க மட்டும்தான். கிட்னி ரொம்பப் பழுதானவர்களுக்குக் கொடுக்கமாட்டார்கள்.

இதற்கு நடுவில் நானாக ஆன்லைனில் டி-மேனோஸ் பவுடர் வாங்கினேன். ஈ. கோலையின் கொக்கிகளில் ஒட்டிக்கொண்டு வெளியே இழுத்துப் போகும் சர்க்கரை என்று போட்டிருந்தது. ஒரு டப்பா விலை அம்மாவின் அரை மாதப் பென்ஷன். ஆறு மாதம் கழித்து, 2024ல், 598 பெண்களிடம் செய்த ஆய்வின் முடிவு வந்தது: வெறும் சர்க்கரைக்கும் இதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கிரான்பெர்ரிக்கு அப்படியில்லை, சில பெண்களுக்கு அது திரும்ப வருவதைக் குறைப்பதாக 2023ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் கடையில் விற்கும் ஜூஸில் சர்க்கரை அதிகம். அம்மாவுக்குச் சுகர் எல்லைக்கோட்டில் இருந்ததால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

நான் கற்றுக்கொண்டதில் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. டிசம்பரில் வேறு எதற்கோ எடுத்த சிறுநீர்ச் சோதனையில் மறுபடியும் அதே ஈ. கோலை, அதே ஆர் வரிசை. அம்மாவுக்குக் கடுப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, சாதாரணமாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார். நான் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு குன்னூருக்கு ஓடினேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். தொந்தரவு எதுவும் இல்லாமல் சிறுநீரில் பாக்டீரியா இருப்பது வயதான பெண்களிடம் சாதாரணம், அதற்கு மருந்து கொடுத்தால் கெடுதல்தான் என்றார். அடிக்கடி தொற்று வரும் பெண்களிடம் இப்படி ஓசையில்லாமல் கிடந்த கிருமியை மருந்து கொடுத்து அழித்தபோது, கொடுக்காமல் விட்டவர்களைவிட அவர்களுக்குத்தான் அதிகமாகத் தொற்று திரும்பியது என்று 2012ல் இத்தாலியில் பார்த்திருக்கிறார்கள். சாதுவாகக் கிடக்கும் கிருமி, கெட்டது வந்து உட்காராமல் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சுவீடனில் ஒரு சிறுமியிடம் மூன்று வருஷம் ஒரு தொந்தரவும் செய்யாமல் இருந்த ஈ. கோலையை எடுத்து, வேறு நோயாளிகளின் சிறுநீர்ப்பையில் வேண்டுமென்றே குடிவைத்துச் சோதித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்யப்போகிறவர்களுக்கும் மட்டும் இந்தக் கணக்கு வேறு, அவர்களுக்கு மருந்து உண்டு.

அதனால் இப்போது அம்மாவுக்குத் தொந்தரவு இருந்தால் மட்டும் கல்ச்சர். வாடை வருகிறது, கலங்கலாக இருக்கிறது என்பதற்கெல்லாம் இல்லை. எடுக்கும் விதமும் முக்கியம். முதலில் ஒரு தடவை ரிப்போர்ட்டில் மூன்று வகைக் கிருமி வளர்ந்திருக்கிறது என்று வந்தது. அது தொற்று இல்லை, சாம்பிள் கெட்டுப்போனது. தண்ணீரால் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை டப்பாவில் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மலையில் பஸ்ஸுக்கு நின்று, லேபில் வரிசையில் நின்று, இரண்டு மணி நேரம் எங்கே போகிறது என்றே தெரியாது. நான் டிபன் பாக்ஸில் ஐஸ் வைத்து எடுத்துப் போகிறேன். ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரையை விழுங்கும் முன்னே சாம்பிள் எடுத்துவிட வேண்டும்.

2023 செப்டம்பரிலிருந்து ஒன்றரை வருஷத்தில் அம்மாவுக்கு ஒரே ஒரு முறை தொற்று வந்தது. ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் பஸ்ஸிலும் மண்டபத்திலும் அடக்கிக்கொண்டு இருந்த பிறகு. காய்ச்சல் இல்லை. சாம்பிள் கொடுத்தோம். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டரம்மா ஃபாஸ்ஃபோமைசின் பாக்கெட் ஒன்று எழுதினார். ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து ராத்திரி ஒரே வேளை. இரண்டு நாளில் சரியானது. அந்தப் பழைய ரிப்போர்ட்டை அன்றைக்கு நான் கையோடு கொண்டு போயிருக்காவிட்டால் மறுபடியும் சிப்ரோவிலிருந்துதான் ஆரம்பித்திருப்போம். எல்லா ரிப்போர்ட்டும் இப்போது ஒரு ஃபைலில், தேதி வாரியாக.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951ல் வந்தது. வேலை செய்யும் இடத்தில் குடிதண்ணீரும், எளிதில் போகும் தூரத்தில் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அம்மா பிறப்பதற்கும் முன்னே வந்த சட்டம். அம்மா பறித்த மலையில் இன்றைக்கும் சரிவில் ஒன்றும் இல்லை. மெரோபெனம், கோலிஸ்டின் என்று வேறு எதுவும் கேட்காதபோது கொடுக்கும் கடைசி மருந்துகளைப் பற்றி எவ்வளவு பேசுகிறார்கள். அந்த மலையில் நாலு தகரக் கதவு மாட்டினால் எத்தனை பெண்களுக்கு அந்த மருந்தே தேவைப்படாமல் போகும் என்பதை யாராவது கணக்குப் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். போன மாதம் மகளிர் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன், மனுவில் பதினேழு பேர் கையெழுத்து போட்டிருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்து போகும்போது மூன்று பேர் தனியாக வந்து அந்தக் கிரீம் பெயரைக் கேட்டார்கள். பெயரைச் சொல்லவில்லை, டாக்டரம்மா எந்தெந்தக் கிழமை இருப்பார் என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு அக்கா, வருஷக்கணக்காக மாசம் ஒரு தடவை கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தவர், அடுத்த வாரமே போனார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அவருக்குச் சிறுநீர்ப்பையில் கல்.